இரண்டு ஆள் வைத்து வேலை வாங்கினாலும் பொறுப்பு உங்களுடையதே: தொழிலாளர் விபத்து இழப்பீடும் காப்பீடும் – முழுமையான வழிகாட்டி

காலை ஏழு மணிக்கு முன்னால் களியக்காவிளை பஸ் நிலையத்தில் நின்றால் தெரியும். தோளில் துணிப்பை, பைக்குள் சோற்றுப் பாத்திரமும் வேலைக்கு உடுக்கும் பழைய கைலியும். பையின் வாயில் கரணையின் பிடியும் தூக்குக்குண்டின் கயிறும் எட்டிப் பார்க்கும். கொத்தனாரும் கையாளான மைக்காடுமாகப் பேசிக்கொண்டே பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று பிரிந்து போவார்கள். பனச்சமூடு வழியாக வெள்ளறடைப் பக்கம் போகிறவர்கள் வேறு. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன்னமே போயிருப்பார்கள். கேரளத்தின் இந்தப் பக்கத்திலிருந்து மார்த்தாண்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு.

1956 நவம்பர் 1-ம் தேதி களியக்காவிளை இருக்கும் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு விழுந்த பிறகும் வேலையும் கூலியும் கல்யாண உறவும் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் நடக்கின்றன. ஆனால் வேலைக்குப் போன ஆள் சாரத்திலிருந்து விழுந்துவிட்டால் அந்தக் கோடு திடீரென்று எல்லார் கண்ணிலும் படுகிறது. “அவன் தமிழ்நாட்டுக்காரன், நமக்கு இதில் என்ன” என்று ஒருவர் சொல்வார். “கேஸ் எங்கே போடுவது, மலையாளத்தில் யார் எழுதுவார்” என்று விழுந்தவர் வீட்டில் தயங்குவார்கள்.

இந்த வழிகாட்டி பெரிய கம்பெனிகளுக்கானது அல்ல. அவர்களுக்குக் கணக்கரும் வக்கீலும் இருக்கிறார்கள். இரண்டு மைக்காடு வைத்து வீட்டு வேலை எடுக்கும் மேஸ்திரி, நாலு தறி ஓட்டும் பாலராமபுரத்து நெசவுக்காரர், ஒரு பிக்கப் வண்டி வைத்து நேந்திரங்குலை ஏற்றுகிறவர், மூன்று ஏக்கர் ரப்பருக்குப் பால் வெட்டுக்காரர் வைத்திருப்பவர் ஆகியோருக்காக எழுதுகிறேன். இவர்களும் சட்டத்தின் கண்ணில் முதலாளிகளே. அந்தச் சொல் தங்களுக்குப் பொருந்தும் என்று இவர்களில் பலருக்குத் தோன்றுவதே இல்லை.

தொடங்கும் முன்: ஒரு தவறான எண்ணம்

“இன்சூரன்ஸ் எடுக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? என்னை யாரும் கேட்கவில்லையே” என்பதுதான் நான் அதிகம் கேட்ட கேள்வி.

நேரான பதில் இது. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்புக்குள் வராத சிறு முதலாளி விபத்துக் காப்பீட்டுப் பாலிசி எடுத்தே தீரவேண்டும் என்று இந்தியாவின் இழப்பீட்டுச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இழப்பீட்டுப் பணம் கொடுத்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. பாலிசி இருந்தால் அந்தப் பணத்தைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். இல்லாவிட்டால் உங்கள் வீட்டுப் பத்திரம்தான் போகும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில் இது வேறு மாதிரி. உடலுழைப்புத் தொழிலாளி யாராக இருந்தாலும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், முதலாளி அவருக்கு விபத்துக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும். இங்கேயும் அப்படி இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த நாள் வரும்வரை முதலாளியே தன் பொறுப்பை உணர்ந்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எந்தச் சட்டம் பொருந்தும்?

1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 2010 ஜனவரியில் ‘பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்’ என்று பெயர் மாறியது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 வந்திருக்கிறது. இ.எஸ்.ஐ. சட்டமும் இந்தத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. இழப்பீட்டைப் பொறுத்தவரை பழைய சட்டத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. முன்பு ‘ஆணையர்’ என்றவரை இப்போது ‘தகுதிவாய்ந்த அதிகாரி’ என்கிறார்கள். ஊரில் புழங்கும் ஆணையர் என்ற சொல்லையே நானும் இங்கே வைத்துக்கொள்கிறேன்.

இந்தச் சட்டத்தில் தப்பு யாருடையது என்ற கேள்வி முதலாளியைக் காப்பாற்றாது. இதை முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்ததா என்பது ஒன்றே கேள்வி. ஹெல்மெட் போடச் சொன்னேன், அவர் போடவில்லை, குடித்திருந்தார், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்பதெல்லாம் சிறிய காயத்துக்குச் சொல்லக்கூடிய வாதங்கள். மரணம் என்றாலோ, இனி எந்த வேலையும் செய்யமுடியாதபடி நிரந்தர முழு ஊனம் என்றாலோ அந்த வாதங்கள் எடுபடாது. பணம் கொடுக்கத்தான் வேண்டும்.

படி 1: ஆட்களை எண்ணுங்கள்

உங்கள் கடையிலோ பட்டறையிலோ 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால் உங்கள் வழி இ.எஸ்.ஐ. துணிக்கடை, முந்திரி ஆலை, தனியார் மருத்துவமனை, ஓட்டல் எல்லாம் இதில் வரும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களைப் பதிவு செய்யவேண்டும். முதலாளியின் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு நீங்கள் கட்டுவது 487 ரூபாய் 50 காசு, அவரிடம் பிடிப்பது 112 ரூபாய் 50 காசு. அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். பதிவு ஆன்லைனில்தான். கணினி பழக்கம் இல்லையென்றால் பக்கத்து அக்ஷய மையத்தில் போய்க் கேளுங்கள்.

இ.எஸ்.ஐ.-யில் இருக்கும் தொழிலாளிக்கு வேலையில் விபத்து நேர்ந்தால் சிகிச்சையும், சராசரிக் கூலியில் 90 சதவீதக் கணக்கில் ஊன உதவியும் இ.எஸ்.ஐ. கழகமே கொடுக்கும். இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை போகும். அதன் பிறகு அதே விபத்துக்கு உங்களிடம் தனியாக இழப்பீடு கேட்கமுடியாது. 15,000 ரூபாய் சம்பளத்துக்கு மாதம் அறுநூறு ரூபாய்க்குள் அடங்கும் இந்தப் பாதுகாப்பை விட மலிவானது இந்த நாட்டில் இல்லை.

எட்டுப் பேரைப் பதிவேட்டில் காட்டிவிட்டு நாலு பேரை ‘தினக்கூலி’ என்று மறைத்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தினக்கூலிக்காரரும் அந்த எண்ணிக்கையில் சேர்வார். பதிவு செய்யாமல் விபத்து நடந்தால் கழகம் தொழிலாளிக்கு உதவியைக் கொடுத்துவிட்டு, அந்த உதவியின் மொத்த மதிப்பையும் முதலாளியிடம் வசூலிக்க முடியும்.

10 பேருக்குக் குறைவா? அப்படியானால் இனி வரும் படிகள் எல்லாம் உங்களுக்குத்தான்.

படி 2: உங்கள் வேலை சட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா?

எந்தெந்த வேலைக்காரர் இழப்பீட்டுக்கு உரியவர் என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணை நீளமாகச் சொல்கிறது. நம் எல்லைக் கிராமங்களைச் சுற்றிவந்து எழுதியது போலவே இருக்கும் சில இடங்கள். கட்டடம் கட்டுதல், பழுது பார்த்தல், இடித்தல் உண்டு. வெடி வைத்துத் தோண்டும் பள்ளமும் 12 அடிக்கு மேல் ஆழம் போகும் பள்ளமும் உண்டு. இந்த ஊரில் 12 அடியில் தண்ணீர் கிடைக்கும் கிணறு அபூர்வம் என்பதால் கிணறு வெட்டுகிறவரும் இதில் வருவார். மரம் வெட்டுதல், தடி இழுத்தல், பனை ஏறுதல், ரப்பர் தோட்ட வேலை, மின்சாரமோ இயந்திரமோ ஓடும் உற்பத்திக்கூடம், வண்டி ஓட்டுதல் எல்லாம் உண்டு.

பனையேறுகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை. தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் பனையிலிருந்து விழுந்து செத்தவர்களின் கதையை ஒவ்வொரு வீட்டிலும் கேட்கலாம். விதி என்று சொல்லிப் புதைத்துவிட்டுப் போனார்கள். அந்த வேலை எப்போதிருந்தோ சட்டத்தின் பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை அந்தக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் கூலிக்கு வந்தவர், தற்காலிகமாக வந்தவர் என்ற விலக்கு பழைய சட்டத்தில் ஒரு காலத்தில் இருந்தது. 2000-ம் ஆண்டுத் திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். “இன்றைக்குத்தான் முதல் நாள் வந்தான்” என்று சொல்லி இப்போது தப்பமுடியாது.

படி 3: தொகையைப் போட்டுப் பாருங்கள்

பாலிசி வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன் ஒரு துண்டுக் காகிதம் எடுத்து இந்தக் கணக்கை ஒருமுறை போடுங்கள். ஒவ்வொரு வயதுக்கும் சட்டத்தில் ஒரு பெருக்கெண் உண்டு. 30 வயதுக்கு 207.98. 40 வயதுக்கு 184.17. 50 வயதுக்கு 153.09. 60 வயதுக்கு 117.41. ஆள் இளையவரானால் எண் பெரிது, ஏனென்றால் அவர் இழப்பது இன்னும் அதிக வருடச் சம்பாத்தியம்.

மரணம் என்றால் மாதச் சம்பளத்தில் பாதியை அந்த எண்ணால் பெருக்கவேண்டும். நிரந்தர முழு ஊனம் என்றால் சம்பளத்தில் 60 சதவீதத்தைப் பெருக்கவேண்டும். சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் கணக்குக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய் என்று 2020 ஜனவரி 3-ம் தேதி மத்திய அரசு அறிவித்தது. அறிவிப்பு மாறக்கூடியது, ஆகவே பாலிசி எடுக்கும் நாளில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

40 வயதுக் கொத்தனார் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்துக் கூலிக்கு அவர் மாதம் 15,000-ஐச் சுலபமாகத் தாண்டுவார். சன்ஷேடிலிருந்து விழுந்து இறந்தால் 7,500 × 184.17, அதாவது 13,81,275 ரூபாய். படுக்கையிலேயே கிடக்க நேர்ந்தால் 9,000 × 184.17, அதாவது 16,57,530 ரூபாய். இதற்கு மேல் ஆஸ்பத்திரிச் செலவு, ஆன அளவுக்கு முழுவதும்.

அடுத்தது ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர். இந்த ஊரில் அதைத் தெரியாதவர் இல்லை. உறைந்த பாலை இரண்டு உருளைக்கு நடுவில் கொடுக்கும்போது விரல் கூடப் போய்விடும். மோட்டார் வைத்த ரோலர் என்றால் கையை இழுக்க நேரம் இருக்காது. 35 வயது ஆளுக்கு ஒரு கையின் நான்கு விரலும் போனால் சட்டத்தின் அட்டவணை அதை 50 சதவீத ஊனம் என்கிறது. 9,000 × 197.06, அதில் பாதி. 8,86,770 ரூபாய். கட்டைவிரல் மட்டும் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரலுக்கு 14.

இந்த சதவீதங்களும் கல்லில் வெட்டியவை அல்ல. சினிமாக் கொட்டகையில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் 1969-ல் விழுந்து இடது கையை இழந்தார். அட்டவணைப்படி பார்த்தால் அது பகுதி ஊனம்தான். ஆனால் ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்யமுடியாது, ஆகவே இது முழு ஊனமே என்று 1975-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பால் வெட்டுக்காரருக்கும் பனையேறிக்கும் கொத்தனாருக்கும் கைதான் மூலதனம் என்பதை இந்தத் தீர்ப்போடு சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

சில மாதத்தில் குணமாகிவிடும் காயம் என்றால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதம், 15,000-க்கு 3,750 ரூபாய். அதிகபட்சம் ஐந்து வருடம் வரை.

படி 4: பாலிசி எடுப்பது

கேட்கவேண்டிய பெயர் ‘எம்ப்ளாயீஸ் காம்பன்சேஷன் பாலிசி’. பழைய ஏஜென்டுகள் இன்னும் ‘வொர்க்மென்ஸ் காம்பன்சேஷன்’ என்பார்கள், இரண்டும் ஒன்றே. யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல் ஆகிய நான்கு பொதுத்துறை நிறுவனங்களிடமும் தனியார் நிறுவனங்களிடமும் கிடைக்கும். ஏஜென்ட் முன் உட்காரும்போது கீழே சொல்பவற்றில் கவனம் வேண்டும்.

சம்பளத்தை உள்ளபடி சொல்லுங்கள். வருடத்தில் நீங்கள் கொடுக்கும் மொத்தக் கூலியையும் வேலையின் ஆபத்தையும் வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள். பிரீமியத்தில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க, 20,000 கொடுக்கும் ஆளுக்கு 8,000 என்று எழுதிக்கொடுப்பார்கள் சிலர். விபத்து நடந்த பிறகு ஆணையர் உண்மைக் கூலியைப் பார்த்து உத்தரவு போடுவார், காப்பீட்டு நிறுவனம் தாளில் எழுதிய சம்பளத்தைக் காட்டி ஒதுங்கப் பார்க்கும். நடுவில் இருக்கும் வித்தியாசம் முழுவதும் உங்கள் தலையில்.

வேலையின் பெயரும் அப்படித்தான். ‘கட்டட வேலை’ என்று எழுதிவிட்டுக் கிணற்றுக்குள் ஆளை இறக்காதீர்கள். உயரத்தில் வேலை, கிணறு, பாறை உடைத்தல், மரம் வெட்டு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். வேலை நடக்கும் இடத்தையும் கவனியுங்கள். நெய்யாற்றின்கரை மேஸ்திரி அடுத்த மாதம் குழித்துறையில் வேலை எடுப்பார். இரண்டு மாநிலமும் பாலிசிக்குள் வருமாறு எழுதச் சொல்லவேண்டும். இந்த ஊருக்கு மட்டும் உரிய எச்சரிக்கை இது, வெளியூர் ஏஜென்டுக்குத் தானாகத் தோன்றாது.

மருத்துவச் செலவைத் தனியாகச் சேர்க்கவேண்டியிருக்கும். சாதாரண பாலிசியில் அது இல்லாமலோ சிறு தொகையோடோ இருக்கும். காரக்கோணம் மருத்துவக் கல்லூரியிலோ திருவனந்தபுரத்திலோ பத்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தவருக்கு என்ன செலவாகும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். கான்ட்ராக்ட் ஆட்கள், வேலையால் வரும் நோய் ஆகியவற்றுக்கும் கூடுதல் பிரீமியம் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள்.

வட்டியும் தண்டமும் பற்றிக் கேளுங்கள். இழப்பீட்டையும் அதன் வட்டியையும் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கவேண்டும், தாமதத்துக்கான தண்டத்தை முதலாளியே கொடுக்கவேண்டும் என்று 1997-ல் ஒரு மோட்டார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலிசியில் எழுதி வைத்து வட்டியையும் விலக்கிக்கொள்ளலாம் என்று 2006-ல் இன்னொரு தீர்ப்பு வந்தது. உங்கள் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பிக்கப், டெம்போ வைத்திருப்பவர்கள் வண்டியின் பாலிசியைத் தனியே எடுத்துப் பார்க்கவேண்டும். டிரைவருக்கு அதில் பாதுகாப்பு உண்டு. கூடவே போகும் கிளீனருக்கும் ஏற்றி இறக்கும் ஆளுக்கும் பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

20 ரூபாய்க்கு எடுக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா, வெளிமாநிலத் தொழிலாளருக்குக் கேரள அரசு வைத்திருக்கும் ‘ஆவாஸ்’, கட்டடத் தொழிலாளர் நலவாரிய உதவி எல்லாம் நல்லவையே. தொழிலாளியைச் சேரச் சொல்லுங்கள். ஆனால் அவற்றில் ஒன்றும் முதலாளியின் இழப்பீட்டுக்கு ஈடாகாது. “வாரியத்திலிருந்து கிடைத்ததே” என்று சொல்லி உங்கள் பங்கைக் குறைக்கமுடியாது.

படி 5: கான்ட்ராக்டர் கையில் கொடுத்த வேலை

உங்கள் தொழிலின் ஒரு பகுதியை இன்னொருவரிடம் ஒப்படைத்தாலும் இழப்பீட்டை உங்களிடமே கேட்கலாம். நீங்கள் கொடுத்துவிட்டுப் பிறகு அந்தக் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது சட்டம். வசூலிக்க அவரிடம் என்ன இருக்கும் என்று யோசியுங்கள். ஆகவே வேலையைக் கொடுக்கும் முன் அவருடைய பாலிசியின் நகலை வாங்கி, தேதி முடிந்துவிட்டதா என்று பார்த்து, கோப்பில் வையுங்கள். சொந்த வீடு கட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். பாலிசி நகல் காட்டாத கான்ட்ராக்டரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

“விபத்து நடந்தால் முதலாளி பொறுப்பல்ல” என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாளுக்கு மதிப்பு கிடையாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது.

படி 6: சேரும் அன்றே சொல்லிவிடுங்கள்

வேலைக்குச் சேர்க்கும்போதே இழப்பீட்டு உரிமை உண்டு என்று தொழிலாளிக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்பது 2017-ம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த கடமை. ஆங்கிலம், இந்தி அல்லது அந்த இடத்தின் ஆட்சிமொழி என்கிறது சட்டம். இங்கே அது மலையாளம். இடைக்கோட்டிலிருந்தோ கொல்லங்கோட்டிலிருந்தோ வரும் தொழிலாளி மலையாளம் நன்றாகப் பேசுவார், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். தமிழிலும் ஒரு பிரதி கொடுங்கள். அரைப் பக்கம் போதும். கூடவே பெயர், வயது, ஊர், கூலி எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். வயதுக்கு ஆதார் நகல் ஒன்று. பின்னால் நடக்கும் சண்டையில் பாதி, வயது என்ன, கூலி என்ன என்பதைப் பற்றியதுதான்.

விபத்து நடந்தால்

முதலில் ஆஸ்பத்திரி. எப்படி நடந்தது என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டில் வழுக்கி விழுந்தார் என்று எழுதவைத்தால் பிறகு காப்பீட்டு நிறுவனம் அந்தத் தாளையே காட்டிப் பணம் தர மறுக்கும். அன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மரணமோ பலத்த காயமோ என்றால் 7 நாளுக்குள் ஆணையருக்கு அறிக்கை அனுப்பவேண்டும். நெய்யாற்றின்கரைத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டால் எங்கே, எந்தப் படிவத்தில் என்று சொல்வார்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது.

நம் ஊரில் வேலையில் ஒருவர் இறந்தால், அடக்கம் முடியும் முன்பே பெரியவர்கள் நாலு பேர் கூடிவிடுவார்கள். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கும். உள்ளே அழுகை. வெளியே மெதுவான குரலில் தொகை பேசப்படும். “அவரும் பெரிய பணக்காரர் இல்லை, பார்த்துச் செய்வோம்” என்பார் ஒருவர். முதலாளி கைகட்டி நிற்பார், அவர் முகத்திலும் ரத்தம் இருக்காது. ஒரு தொகையில் வந்து நிற்கும். இறந்தவரின் மனைவியிடம் கையெழுத்து வாங்குவார்கள். என்ன தாள் என்று அந்த அக்காவுக்குத் தெரியாது. பேசியவர்கள் கெட்டவர்கள் அல்ல. பல நேரம் உண்மையான இரக்கத்தோடுதான் செய்கிறார்கள்.

சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. மரணத்துக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் செலுத்தவேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தது இழப்பீடாகக் கணக்கில் வராது. இறந்தவரின் மூன்று மாதச் சம்பளத்தளவு முன்பணம் மட்டும் கழிக்கப்படலாம். மனைவி, குழந்தைகள், தாய் யார் யாருக்கு எவ்வளவு, குழந்தையின் பங்கை எப்படி வைப்பது என்று ஆணையர் தீர்மானிப்பார். கடன்காரர் அந்தப் பணத்தை ஜப்தி செய்யவும் முடியாது. இரண்டு பேருக்கும் இது பாதுகாப்பு. குடும்பத்துக்கு முழுத் தொகை கிடைக்கும். முதலாளி ஒரே மரணத்துக்கு இரண்டு முறை பணம் கொடுக்க நேராது.

தாமதம் செய்தால் என்ன ஆகும்? இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கடனாகிவிடுகிறது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் வருடத்துக்கு 12 சதவீத வட்டி. தகுந்த காரணம் இல்லாத தாமதம் என்றால் தொகையில் பாதிவரை தண்டம். மேலே பார்த்த 40 வயதுக் கொத்தனாரின் வழக்கை மூன்று வருடம் இழுத்தடித்தால் 13,81,275-க்கு வட்டி மட்டும் 4,97,259 ரூபாய். முழுத் தண்டமும் விழுந்தால் மொத்தம் 25 லட்சத்து 69 ஆயிரத்தைத் தாண்டும். தொகையில் தகராறு இருந்தாலும், நீங்கள் ஒத்துக்கொள்ளும் அளவை உடனே கட்டிவிடுங்கள். மேல்முறையீட்டுக்குப் போகவேண்டும் என்றாலும் தீர்ப்பான தொகையைக் கட்டிய ரசீதோடுதான் உயர் நீதிமன்றத்துக்குப் போகமுடியும்.

தொழிலாளி எல்லைக்கு அப்பால் வசித்தால்

விபத்து பாறசாலையில் நடந்தது, குடும்பம் இருப்பது மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில். வழக்கு எங்கே? விபத்து நடந்த இடம், தொழிலாளியோ அவரைச் சார்ந்தவர்களோ வழக்கமாக வசிக்கும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடம், இந்த மூன்றில் எங்கே வேண்டுமானாலும் மனுக் கொடுக்கலாம். திருவனந்தபுரம் போகத் தேவையில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் பொறுப்பான தமிழ்நாட்டு ஆணையரிடமே, தமிழிலேயே, கொடுக்கலாம். அவர் கேரள ஆணையருக்குத் தகவல் தெரிவித்துவிட்டு விசாரிப்பார்.

முதலாளிகளுக்கு இதன் பொருள் தெளிவு. எல்லை உங்களுக்கு வேலியாகாது. தமிழ்நாட்டிலிருந்து வரும் நோட்டீசை “நம்ம ஸ்டேட் இல்லை” என்று எடுத்துப் போட்டுவிட்டால், நீங்கள் இல்லாமலே உத்தரவு போடுவார்கள். இ.எஸ்.ஐ. தொழிலாளி தன் வீட்டுக்குப் பக்கத்து டிஸ்பென்சரியைக் கேட்டு வாங்கலாம் என்பதையும் சேரும்போதே அவரிடம் சொல்லுங்கள்.

வழியில் நடந்த விபத்து

விடியற்காலையில் பைக்கில் பால் வெட்டப் போகிறவர், மாலையில் நெரிசலான தேசிய நெடுஞ்சாலையில் திரும்புகிறவர். இவர்களுக்கு வழியில் விபத்து நடந்தால்? மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003 ஏப்ரல் 22 அன்று அதிகாலை ஷிப்டுக்குப் பைக்கில் போகும் வழியில், ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் இறந்தார். 22 வருடம் கழித்து, 2025 ஜூலை 29 அன்று, உச்ச நீதிமன்றம் அந்தக் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு தொடர்புடையதாக இருந்தால் போகிற வழியும் வேலையில் சேரும் என்றது. புதிய தொகுப்புச் சட்டத்தில் இது எழுத்திலேயே இருக்கிறது. எல்லை தாண்டி தினமும் வருகிற ஆள் வைத்திருப்பவர்கள், வழி விபத்தும் பாலிசிக்குள் வருகிறதா என்று கேட்டே எடுங்கள்.

இந்த வாரமே செய்யவேண்டியது

நாளை காலை உங்கள் ஆட்கள் வந்ததும் ஒரு நோட்டை எடுத்துப் பெயர், வயது, கூலி எழுதுங்கள். மூன்றாம் படியில் சொன்ன கணக்கை, உங்களிடம் இருக்கும் ஆட்களில் மிகவும் இளையவரை வைத்துப் போட்டுப் பாருங்கள். வரும் தொகையை ஒரே மாதத்தில் உங்களால் புரட்டமுடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். முடியாது என்றால், அடுத்த சாரம் கட்டும் முன், அடுத்த கிணற்றுக்குள் கயிறு இறக்கும் முன், பாலிசியை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்திருப்பவர்கள் தாளை வெளியே எடுத்து, அது எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றைக்கே பாருங்கள். முடிந்த மறுநாள் நடக்கும் விபத்துக்கு அந்தப் பாலிசியிலிருந்து ஒரு ரூபாயும் வராது.